“எங்க குடும்பத்துக்கே இந்த வயிறுதான்”: ஐபிஎஸ், பரம்பரை, டென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு குடல் மருத்துவரிடம் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் அடுத்த அறைக்கு, அதாவது என்னிடம் அனுப்புவார். “எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?” என்று தொடங்குவார்கள். இரண்டு நிமிடத்தில் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, உள்ளே கேட்கத் தயங்கியதை என்னிடம் கேட்பார்கள். அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: இது பரம்பரையா? இல்லை, டென்ஷனா?

அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் அம்மாவுக்கு ஐபிஎஸ், அதாவது ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்கிற குடல் தொல்லை உண்டு, எனக்கும் உண்டு. அதனால் இதில் பாதிக் கேள்விகள் ஒரு காலத்தில் நானே கேட்டவைதான்.

ஐபிஎஸ்னா என்னங்க? எனக்கு வயிறு எரியவே இல்லையே, வலிக்கத்தானே செய்யுது?

‘குடல் எரிச்சல் நோய்’ என்று தமிழில் பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. மிளகாய் பட்டது போல எரிய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற ஆள் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் இல்லையா, அந்த எரிச்சல்தான் இது. மற்றவர்களின் குடல் கண்டுகொள்ளாத சின்ன விஷயத்துக்கும் இந்தக் குடல் எகிறும்.

மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இப்போது புழக்கத்தில் இருப்பது 2016-இல் வந்த ‘ரோம் 4’. கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிக்கும்போது வலி கூடுவதோ குறைவதோ, எத்தனை முறை போகிறோம் என்பது மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இந்த மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்குக் கழிச்சல், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. வலியே இல்லாமல் உப்புசம் மட்டும் இருந்தால் அது வேறு கணக்கு. ஒரே எழுத்து வித்தியாசத்தில் ஐபிடி என்று இன்னொன்று உண்டு. அதில் குடலில் நிஜமாகவே அழற்சியும் புண்ணும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தம் எல்லாம் நார்மல். அப்புறம் எதுக்கு வலிக்குது?

ஸ்கேனில் தெரிவது குடலின் வடிவம். அது எவ்வளவு உணர்கிறது என்பது தெரியாது. 1973-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதிக்குள் ஒரு சின்ன பலூனை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றினார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அளவிலேயே வலி வந்துவிட்டது. பிறகு பலரும் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். எல்லா ஐபிஎஸ்காரர்களுக்கும் இப்படி இல்லை என்றாலும் கணிசமானவர்களுக்கு இருக்கிறது.

ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது, ஒலி மட்டும் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வாயு நகர்வதுகூட இவர்களுக்குச் சத்தமாகக் கேட்கிறது. கீழே பரம்பரை, டென்ஷன் என்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் குமிழை யார் திருகினார்கள் என்ற விசாரணைதான்.

எங்கம்மாவுக்கு இருந்துச்சு, பெரியம்மாவுக்கும் இருந்துச்சு. இப்ப எனக்கு. பரம்பரை வியாதிதானே?

குடும்பத்தில் ஓடுகிறது என்பது உண்மை. ஸ்வீடனில் நாடு முழுவதும் உள்ள மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐபிஎஸ் உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 1.75 மடங்கு இருந்தது. பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஒன்றுவிட்ட உறவுகளுக்குப் போனால் 1.1 மடங்குதான், சும்மா பேருக்கு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. கணவன் மனைவிக்கு இடையில் 1.5 மடங்கு! கணவனும் மனைவியும் மரபணுவைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே சமையல், ஒரே கடன், ஒரே தூக்கமில்லாத இரவு, இவற்றைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் மருத்துவரிடம் போய் வந்தால் மற்றவரும் போகிறார் என்பதும் இருக்கலாம். ஆக, குடும்பத்தில் ஓடுவதெல்லாம் ரத்தத்தில்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது.

சரி, ரத்தமா வளர்ப்பா, எது அதிகம்? இரட்டைப் பிள்ளைகளை வச்சு பார்த்தா தெரிஞ்சிடுமே?

நல்ல கேள்வி. ஒரு பொறியியல் மாணவர் கேட்டார். பார்த்திருக்கிறார்கள். 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஐபிஎஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 17.2 சதவீதத்தில். இரு கருவில் வந்த இரட்டையரில் 8.4 சதவீதத்தில். இரண்டு மடங்கு வித்தியாசம் என்பதால் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரே மாதிரி மரபணு இருந்தும், நூறில் எண்பதுக்கு மேற்பட்ட ஜோடிகளில் இன்னொருவருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. கூடப் பிறந்த இரட்டைக்கு ஐபிஎஸ் இருப்பதைவிட, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருப்பதுதான் ஒருவருக்கு அது வருமா என்பதை அதிகமாகக் காட்டிக்கொடுத்தது. வெறும் மரபணு விஷயம் என்றால் இப்படி இருக்காது. பெற்றோரைப் பார்த்துப் பிள்ளை எதையோ கற்றுக்கொள்கிறது. ஆஸ்திரேலிய இரட்டையர் ஆய்வு ஒன்று மரபணுவுக்கு இதைவிடப் பெரிய பங்கு கொடுத்தது. பிரிட்டனில் நடந்தது ஏறக்குறைய பங்கே இல்லை என்றது. இழுபறிதான்.

எந்த ஜீன்னு கண்டுபிடிச்சுட்டாங்களா? டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

2021-இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. ஐபிஎஸ் உள்ள 53,400 பேரின் மரபணுவை, இல்லாத 4,33,201 பேரின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். மரபணுத் தொகுதியில் 6 இடங்கள் ஐபிஎஸ்ஸோடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது. என்சிஏஎம்1, சிஏடிஎம்2, டாக்9 என்ற மரபணுக்களெல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதிலும் பேசுவதிலும் வேலை செய்கிற மரபணுக்கள் இவற்றில் உண்டு. 6-இல் 4 இடங்கள் மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடும் தொடர்புள்ளவை. குடலில் தேடப் போனவர்கள் மூளையில் போய் நின்றார்கள்.

டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு ஐபிஎஸ் ஏன் வருகிறது, இன்னொருவருக்கு ஏன் வருவதில்லை என்பதில், இந்த வகைப் பொதுவான மரபணு வேறுபாடுகளுக்கு உள்ள பங்கு சுமார் 6 சதவீதம்தான் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொரு இடமும் வாய்ப்பைத் துளி துளியாகத்தான் கூட்டுகிறது. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘உங்கள் குடல் ஜாதகம்’ எழுதித் தருகிறவர்களிடம் போக வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு வருஷத்துக்கு நல்ல காய்கறி வாங்கலாம்.

ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போய் வர்றது கிடையவே கிடையாதா?

அபூர்வமாக உண்டு. குடல் தசையில் சோடியம் போய்வரும் வாசல் ஒன்றை உண்டாக்கும் எஸ்சிஎன்5ஏ என்ற மரபணு. இதே வாசல் இதயத்திலும் இருக்கிறது. 2014-இல் வந்த ஆய்வில் ஐபிஎஸ் நோயாளிகள் 584 பேரில் 13 பேருக்கு, அதாவது 2 சதவீதம் பேருக்கு, இதில் கோளாறு இருந்தது. அவர்களில் மலச்சிக்கல் உள்ள ஒருவருக்கு, இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் மெக்ஸிலெடின் மாத்திரையைக் கொடுத்ததும் வயிறு ஒழுங்குக்கு வந்தது. ஒரே ஒருவர்தான். நாளைக்கே போய் அந்த மாத்திரையைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, சர்க்கரையை உடைக்கிற சுக்ரேஸ் நொதியின் மரபணு. அதில் குறை உள்ளவர்களுக்கு நாம் காபியில் போடும் அதே வெள்ளைச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், நொதித்து, வாயுவும் கழிச்சலுமாக வரும். இந்த மரபணு வேறுபாடுகள் ஐபிஎஸ்காரர்களிடம் கொஞ்சம் அதிகம் காணப்படுகின்றன.

பால் குடிச்சா எனக்கு ஓட வேண்டியதுதான். அதுவும் ஐபிஎஸ்ஸா?

ஐபிஎஸ்ஸாக இருக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்தில்தான் மரபணு நேரடியாகப் பேசுகிறது. பெரியவர்களான பிறகும் பாலின் லாக்டோஸைச் செரிக்க வைக்கும் மரபணு மாற்றம் வடமேற்கு இந்தியாவில் நிறையப் பேரிடம் உண்டு. தெற்கே வரவர அரிது. தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் லாக்டோஸ் முழுதாகச் செரிக்காது. இது நோயில்லை, இயல்பு. இருந்தும் எல்லாரும் ஓடுவதில்லை. ஒரு டம்ளர் காபியில் இருக்கும் பால் பலருக்கு ஒன்றும் செய்யாது. தயிரும் மோரும் இன்னும் சுலபம், ஏனென்றால் கிருமிகளே பாதி வேலையை முடித்துவிடுகின்றன.

இரண்டாவது பதிலில் சொன்ன ஒலிக்குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு வாயு, குமிழ் கூடியவருக்கு வலி. அதனால் ஐபிஎஸ் உள்ளவர் பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதில் தப்பில்லை. மாற்றம் இல்லையென்றால் திரும்பக் குடிக்கலாம். ஒவ்வொன்றாக நிறுத்தி, எதையும் திரும்பச் சேர்க்காமல், கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

டாக்டர் ‘எல்லாம் டென்ஷன்தான்’னு சொல்லிட்டார். நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாரா?

அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை அழ வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பல வருஷம் முன்பு வேறோர் ஊரில் என் அம்மாவிடமும் ஒரு மருத்துவர் இதையேதான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு நாலு வருஷம் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

டென்ஷன் என்பது கற்பனைக்கு இன்னொரு பெயர் இல்லை. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிகளும் சொன்னார்கள், யாரும் அவர்களை நடிப்பு என்று சொல்லவில்லை. மூளைக்கும் குடலுக்கும் நடுவில் நரம்பு இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் செரடோனின் என்ற பொருளில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. இப்போது மருத்துவ உலகம் ஐபிஎஸ்ஸை ‘குடல் மூளை உறவுக் கோளாறு’ என்ற தலைப்பில் வைக்கிறது. “டென்ஷனும் ஒரு காரணம்” என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சரி. “டென்ஷன்தான்” என்று முடித்தது அவர் அவசரம்.

டென்ஷன் மனசுலதானே இருக்கு? அது எப்படிங்க குடலுக்கு இறங்குது?

பதற்றம் வந்ததும் மூளை சிஆர்எச் என்ற பொருளைச் சுரக்கிறது. கார்டிசால் ஹார்மோனைக் கிளப்பிவிடுவது அதுதான். அதே சிஆர்எச் இரைப்பையை மெதுவாக்கும், பெருங்குடலை முடுக்கிவிடும். பரீட்சை அன்று காலை இட்லி இறங்காததும், அதே சமயம் மூன்று தடவை கழிவறைக்கு ஓடுவதும் இதனால்தான். எதிர்மாறான இரண்டு தொல்லைகள், காரணம் ஒன்று.

குடல் சுவரில் மாஸ்ட் செல் என்று ஒரு வகைக் காவலாளிச் செல் உண்டு. அலர்ஜியில் தடிப்பு வருவதும் இதனால்தான். இத்தாலியின் போலோனியாவில் 2004-இல் வந்த ஆய்வில், ஐபிஎஸ் உள்ளவர்களின் பெருங்குடலில் இந்தச் செல்கள் அதிகமாகவும் நரம்பு முனைகளுக்கு நெருக்கமாகவும் இருந்தன. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலி. பத்து வருஷம் கழித்து, பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களை மேடையேற்றிப் பேச வைத்தார்கள். பதற்றத்தில் கார்டிசால் ஏறியவர்களுக்குச் சிறுகுடல் சுவர் கசியத் தொடங்கியது. மாஸ்ட் செல்லைக் கட்டுப்படுத்தும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது கசியவில்லை. ஒரு மேடைப் பேச்சு குடல் சுவரையே மாற்றுகிறது என்றால், ‘மனசுல’ என்ற சொல்லை எங்கே நிறுத்துவது என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு எந்த டென்ஷனும் கிடையாது. நல்ல வேலை, நல்ல குடும்பம். பின்ன ஏன்?

முதலில் ஒரு விஷயம் கேட்பேன்: தொல்லை தொடங்குவதற்கு முன்பு கடுமையான வயிற்றுப்போக்கு, புட் பாய்சன் ஏதாவது வந்ததா? “ஆமாம், ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து…” என்று இழுப்பார்கள். குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருஷத்துக்குள் ஐபிஎஸ் வருகிறது. கிருமி போய்விடும், குமிழ் திரும்புவதில்லை.

கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றில் கலந்தது. சுமார் 2,300 பேர் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். பிறகு அந்த ஊர்க்காரர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். நோய்ப்பட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ், படாதவர்களில் 10 சதவீதம். எட்டு வருஷம் கழித்தும் 15-க்கு 5 என்று வித்தியாசம் நின்றது. எல்லாரும் குடித்தது அதே தண்ணீர்தான். யாருக்கு ஐபிஎஸ் ஆனது என்று மரபணுவைப் பார்த்தபோது, கிருமியை அடையாளம் காண்பது, குடல் சுவர்ச் செல்களை ஒட்டவைப்பது, அழற்சியைக் கிளப்புவது ஆகிய வேலைகளைச் செய்யும் மூன்று மரபணுக்களில் வேறுபாடு இருந்தது. மனப்பதற்றம் முன்பே இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்பது மற்ற தொற்று ஆய்வுகளில் தெரிகிறது.

பரம்பரை, டென்ஷன் என்று இரண்டே பெட்டிகளில் யோசிப்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் இது. தண்ணீர் இல்லாமல் மரபணு மட்டும் அங்கே ஒன்றும் செய்திருக்காது.

டென்ஷனால வயிறு கெட்டுச்சா, வயிறு கெட்டதால டென்ஷனா? வீட்டுல தினம் சண்டை.

இரண்டு பேரும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரே மக்களை 12 வருஷ இடைவெளியில் இரண்டு முறை கேட்டார்கள். முதலில் பதற்றம் மட்டும் இருந்தவர்களில் பிறகு வயிற்றுத் தொல்லை அதிகம் வந்தது. முதலில் வயிற்றுத் தொல்லை மட்டும் இருந்தவர்களில் பிறகு பதற்றமும் சோர்வும் அதிகம் வந்தது. சாலை இரு வழி. ஐந்தாவது பதிலில் சொன்ன 2021 ஆய்வும் இதற்குப் பொருந்துகிறது. ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கிறது என்பதைவிட, இரண்டுக்கும் அடியில் ஒரே வேர் இருக்கலாம் என்கிறார்கள் அதைச் செய்தவர்கள்.

பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே வயிறு கலக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நடுவழியில் வந்துவிடுமோ என்ற பயம், பயத்தால் கலக்கல், கலக்கியதால் இன்னும் பயம். திருச்சியிலிருந்து சென்னைக்குக் கழிவறை இருக்கிறதே என்று ரயிலில் மட்டுமே போகிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். நானும் அதில் ஒருத்திதான்.

சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். சிறுவயதில் அடி, வன்முறை, இழப்பு ஆகியவற்றைச் சந்தித்தவர்களிடம் ஐபிஎஸ் அதிகம் என்பது பல ஆய்வுகளில் வருகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துக் கேட்டபோது, குழந்தைப் பருவத்தில் போர்க்கால நெருக்கடியில் எவ்வளவு நாள் கழிந்ததோ அதற்கேற்ப ஐபிஎஸ் கூடியிருந்தது. அவர்களுக்கு அந்த நாட்கள் நினைவில்கூட இருக்காது.

மரபணுவின் எழுத்து மாறாமலே, எது எவ்வளவு சத்தமாகப் படிக்கப்படும் என்பது மாறலாம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிக்குட்டிகள் வளர்ந்தபின் குடல் வலியை அதிகம் உணர்வதைச் சோதனைக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டு உங்கள் பெற்றோர்மேல் கோபப்பட வேண்டாம். உங்கள்மேலும்தான்.

பெண்களுக்குத்தான் அதிகம் வருமாமே?

உலக அளவில் ஆமாம். மாதவிடாய் நாட்களில் தொல்லை கூடுவதும் உண்டு. 2018-இல் 9-ஆம் குரோமோசோமில் ஓர் இடம் பெண்களுக்கு மட்டும் ஐபிஎஸ்ஸோடு தொடர்பு காட்டியது. ஆனால் இந்திய மருத்துவமனைகளில் வரிசையில் நிற்பவர்களில் ஆண்கள்தான் அதிகம். பெண்கள் இல்லையா, வரவில்லையா? என் அறையில் உட்கார்ந்து பார்த்தால், வரவில்லை என்றே சொல்வேன். கணவரோடு துணைக்கு வந்துவிட்டு, கிளம்பும்போது “எனக்கும் இப்படித்தான்” என்பார்கள்.

எம் பையனுக்கு ஸ்கூல் போற நேரத்துல வயித்து வலிங்குறான். எங்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?

ஜீன் கொஞ்சம் போயிருக்கலாம், அதை ஒன்றும் செய்ய முடியாது. மற்றது நம் கையில் இருக்கிறது. 2006-இல் ஓர் ஆய்வில் குழந்தைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, அசௌகரியம் வந்ததும் ஒரு பகுதிப் பெற்றோரை “வலிக்குதா கண்ணு?” என்ற தோரணையில் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை வேறு பேச்சில் கவனத்தைத் திருப்பச் சொன்னார்கள். கவனித்த இடத்தில் புலம்பல் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, பேச்சை மாற்றிய இடத்தில் பாதியானது. வேடிக்கை என்னவென்றால், பேச்சை மாற்றினால் குழந்தை வருத்தப்படும் என்று பெற்றோர் நினைத்தார்கள். அதுதான் நன்றாக இருந்தது என்றார்கள் வயிற்றுவலிக் குழந்தைகள்.

வலியை நம்புங்கள், விசாரணையைக் குறையுங்கள். நான்காவது பதிலில் சொன்ன ‘பெற்றோரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது’ என்பது இதுதான். ஆனால் எடை குறைந்தாலோ, தூக்கத்தில் எழுப்பும் வலி இருந்தாலோ, வாந்தி, காய்ச்சல், ரத்தம் இருந்தாலோ பேச்சை மாற்றாமல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் எதுவும் இல்லாமல் பள்ளி நாளில் மட்டும் வலி என்றால், பள்ளியில் என்ன நடக்கிறது என்றும் ஒரு தடவை கேளுங்கள். கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

பொண்ணு பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஐபிஎஸ் இருக்குன்னு சொல்லணுமா? பிள்ளைக்கு வந்துடுமா?

உடம்பில் இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்வது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் அது என் கருத்து. மருத்துவக் கணக்கு வேண்டுமென்றால் மூன்றாவது, நான்காவது பதில்களைப் பாருங்கள். பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஐபிஎஸ் புற்றுநோயாக மாறாது, ஆயுளைக் குறைக்காது. கருத்தரிப்பதைத் தடுப்பதும் இல்லை.

டென்ஷனைக் குறைச்சா வயிறு சரியாயிடுமா? யோகா கிளாஸ் சேரட்டுமா?

சேருங்கள், உடற்பயிற்சியும் யோகாவும் சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன. “டென்ஷன் ஆகாதே” என்று சொல்வது மட்டும் யாருக்கும் உதவியதில்லை. வலுவான சான்று இருப்பது வயிற்றுக்கென்றே வடிவமைத்த மனப்பயிற்சிகளுக்கு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. 2019-இல் பிரிட்டனில் 558 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தொலைபேசியிலும் இணையத்திலும் கொடுத்த சிபிடிகூட வழக்கமான மருத்துவத்தைவிட நல்ல பலன் தந்தது. பஸ்ஸுக்கு முன் கழிவறைக்கு நாலு தடவை போவது, வெளியே சாப்பிடாமலே இருப்பது போன்ற பழக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பார்கள்.

மான்செஸ்டரில் வோர்வெல் என்ற மருத்துவர் 1984-லேயே குடலை மையமாக வைத்த ஹிப்னாடிசத்தை முயன்று நல்ல பலன் கண்டார். இங்கே நம்மூரில் இதில் பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது கஷ்டம் என்பதுதான் பிரச்சினை. உணவுப் பக்கத்தில் இசப்கோல், குடலில் சரியாகச் செரிக்காமல் நொதிக்கும் சில மாவு, சர்க்கரைச் சத்துகளைக் குறைக்கும்படி மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லோ ஃபாட்மேப்’ முறை எல்லாம் உண்டு. வெங்காயம், பூண்டு இல்லாத சாம்பாரை எப்படி வைப்பது என்பது தனிக் கட்டுரை.

ஐபிஎஸ்னு போனா மனநோய் மாத்திரை எழுதியிருக்கார். மெடிக்கல் ஷாப்ல கேட்டப்ப மானம் போயிடுச்சு.

அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமாக இருக்கும், சரியா? மனச்சோர்வுக்கு அதைப் பல மடங்கு அதிக அளவில் கொடுப்பார்கள். இந்தக் குறைந்த அளவில் அது வலி நரம்புகளின் சத்தத்தைக் குறைக்கிறது, குடல் ஓட்டத்தையும் கொஞ்சம் மெதுவாக்குகிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வெற்று மாத்திரையைவிடத் தெளிவாகவே நல்ல பலன். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். மலச்சிக்கல் வகை என்றால் மருத்துவரிடம் அதை ஞாபகப்படுத்துங்கள்.

வெற்று மாத்திரை என்றதும் இன்னொன்று. 2010-இல் பாஸ்டனில் ஐபிஎஸ் உள்ள 80 பேரில் பாதிப் பேருக்கு, “இதில் மருந்தே இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேருக்குப் போதுமான நிம்மதி. மாத்திரை வாங்காதவர்களில் 35 சதவீதம். நோய் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. நிதானமாக உட்கார்ந்து பேசும் மருத்துவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்று இதைப் படித்ததிலிருந்து யோசிக்கிறேன்.

எங்க தாத்தா குடல் கேன்சர்ல போனார். எனக்கு இருக்குறது ஐபிஎஸ்தான்னு எப்படி நம்புறது?

பரம்பரையை உண்மையிலேயே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். குடும்பத்தில் பெருங்குடல் புற்று, ஐபிடி, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருந்தால் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்லுங்கள். யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பதோடு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘எனக்கு ஐபிஎஸ்தான்’ என்று நீங்களே முடிவுகட்டக் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயையும் மனதில் வைத்துக்கொள்வார்கள். இவை எதுவும் இல்லை, அடிப்படைப் பரிசோதனைகளும் சரி என்றால் வருஷா வருஷம் எண்டோஸ்கோப்பி தேவையில்லை.

அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்ல மிச்சம் இருக்கு. ஒரே குடும்ப வயிறுதானே, நானும் போட்டுக்கலாமா?

வேண்டாம். என் அம்மாவுக்கு மலச்சிக்கல் வகை, எனக்குக் கழிச்சல் வகை. ஒருமுறை அவசரத்துக்கு அவருடைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். தாலி கட்டும் நேரத்தில் நான் மண்டபத்தில் இல்லை.